மூன்றாம் திரையின் ஜூரி

செங்கா லாஃபெர்ட்டியை யாராவது "டார்ச் அடிக்கிற பொம்பளை" என்று சொன்னால் எனக்கு இன்றும் சுர்ரென்று கோபம் வரும். டார்ச் அடித்தாள், உண்மைதான். ஆனால் கிளாஸ்கோவின் கிழக்கு ஓரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கால்பந்தாட்டம் முடிந்து பாதிப் பேர் ஜெயித்த போதையிலும் மீதிப் பேர் தோற்ற போதையிலும் வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தை ஒரு சண்டை இல்லாமல் இருட்டில் உட்கார வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். நான் மேலே புரொஜெக்டர் அறையில் இருந்தவன். பொத்தானை அழுத்துவது என் வேலை. சினிமாவை நடத்தியது அவள்தான்.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் விற்க வந்தவள். அந்தக் கொட்டகையைப் பிங்கோ ஆடும் கூடமாக மாற்றிய பிறகு, நெடுஞ்சாலைப் பக்கத்தில் புதிதாக வந்த எங்கள் எட்டுத் திரை சினிமாவுக்கு வந்தாள். நடுவில் ஒரு கல்யாணம். கணவன் ஜாக் நல்லவன்தான், மற்ற பெண்களுக்கு. "அவன் பெட்டியை நான்தான் கட்டிக் கொடுத்தேன். சட்டையை மடிக்கக்கூடத் தெரியாது அவனுக்கு, பாவம்" என்பாள். ஒரே மகள் கனடாவில். மாதம் ஒருமுறை போனில் அழுவாள். மகள்தான், செங்கா அல்ல.

அவளுக்குத் தொழிலில் ஒரு நெறி இருந்தது. டார்ச் வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும், யார் முகத்திலும் படக் கூடாது. "மூஞ்சில அடிச்சா மனுஷன் சண்டைக்கு வருவான். கால்ல அடிச்சா பின்னாடியே வருவான்" என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வாள். இன்னொன்று, நிரப்புகிற வரிசை. வாசலிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் நாற்காலிக்காரரை முதலில் அனுப்புவாள். வெளியே விடும்போது வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில். யாரும் யார் முழங்காலையும் தாண்ட வேண்டியதில்லை. நாங்கள் இதைக் கேலி செய்வோம். இப்படி வரிசை கட்டுவதற்குள் படமே முடிந்துவிடும் என்போம். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்புறம் தொற்று வந்தது. சினிமாவை மூடினார்கள். மாதக்கணக்கில் எட்டுத் திரையும் இருண்டு கிடந்தன.

அதே சமயம் நகரத்தில் பெரிய கோர்ட்டும் முடங்கிக் கிடந்தது. எங்கள் நாட்டில் கொலை, கொலை முயற்சி மாதிரியான வழக்குகளில் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிபதி அல்ல. தெருவில் போகிற பதினைந்து பேர். பிளம்பர், பல் டாக்டர், மீன் கடைக்காரி என்று யாருக்கு அழைப்பு வருகிறதோ அவர்கள். அந்தப் பதினைந்து பேரும் கோர்ட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் தும்மினால் பதினான்கு பேர் துடைத்துக்கொள்ள வேண்டும். அதனால் வழக்குகள் தேங்கின. சிறையில் காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள், அடிபட்டவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு எங்கள் காலி நாற்காலிகள் ஞாபகம் வந்தன. நீதிபதி, வக்கீல்கள், சாட்சி எல்லாரும் கோர்ட்டிலேயே இருக்கட்டும், ஜூரி மட்டும் சினிமாவில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்கட்டும் என்று முடிவானது. அங்கே கோர்ட்டுச் சுவரில் பதினைந்து முகமும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கேமராவுக்கும் ஒலிக்கும் என்னை வைத்துக்கொண்டார்கள். ஜூரியைக் கவனித்துக்கொள்ள செங்காவை. கோர்ட்டு கிளார்க், கிர்ஸ்டி என்ற பெண், முதல் நாள் வந்து, எங்கே எப்படி உட்கார வைப்பது என்று தரையில் அம்புக்குறி ஒட்ட ஆரம்பித்தாள். செங்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்த அம்பெல்லாம் எதுக்கு?"

"ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் வராம நடக்கறதுக்கு."

"அம்பைப் பாத்துத் தலையைக் குனிஞ்சிட்டே நடப்பாங்க, ஒருத்தர் முதுகுல ஒருத்தர் போய் முட்டுவாங்க. அதைப் பிச்சுப் போடு. நான் கூட்டிட்டுப் போறேன்."

கிர்ஸ்டி படித்த பெண், ஆனால் நல்ல பெண். சிரித்துக்கொண்டே பிய்த்துப் போட்டாள். அன்றிலிருந்து எங்கள் மூன்றாம் திரையில் ஜூரி உட்கார்ந்தது செங்காவின் வரிசையில்தான். தூரத்து நாற்காலிக்காரர் முதலில். ஒவ்வொருவருக்கும் நடுவில் மூன்று காலி நாற்காலி, வரிசை விட்டு வரிசை. நடக்கும்போது முகக்கவசம், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கழற்றலாம், அப்போதுதான் முகம் நீதிபதிக்குத் தெரியும். எழுந்திருக்கும்போது அவள் டார்ச் காலடியில் விழுந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். முதல் நாளே பாப்கார்ன் இயந்திரத்தைக் கழுவித் துணி போட்டு மூடிவிட்டாள். அந்த வாசனை வந்தால் எவனுக்கும் சட்டம் மண்டையில் ஏறாது என்றாள்.

என் பங்குக்கு நானும் ஒரு கூத்து அடித்தேன். முதல் வழக்கு தொடங்கி நீதிபதி வாயைத் திறந்ததும், இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போய் விளக்கை மங்க வைத்தது. கோர்ட்டுச் சுவரில் பதினைந்து முகமும் இருட்டில் மறைந்தன. "என் ஜூரியை யாராவது பார்த்தீர்களா?" என்று நீதிபதி கேட்டார். செங்கா அதை எனக்கு ஒரு வருஷம் சொல்லிக் காட்டினாள்.

நான் சொல்ல வந்தது ரோனா கில்கிறிஸ்ட் வழக்கு.

ரோனா பஸ் ஓட்டியவள். தொற்றுக்கு முந்தின குளிர்காலத்தில், கடைசி நிறுத்தத்தில் இறங்க மாட்டேன் என்ற ஒருவன் அவளைக் கத்தியால் குத்தினான் என்பது வழக்கு. வலது கை நரம்பு போய்விட்டது. இரண்டு முறை விசாரணைக்குத் தேதி கொடுத்து, இரண்டு முறையும் தொற்றால் தள்ளிப் போட்டார்கள். மூன்றாவது முறைதான் எங்கள் திரைக்கு வந்தது. முப்பதடி உயரத்தில் ஒரு பெண்ணின் முகம். அவள் கண்ணுக்குக் கீழே துடிப்பது வரை எல்லாருக்கும் தெரிந்தது. குத்தியவனாகச் சொல்லப்பட்டவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்க, அவள் ஒன்று விடாமல் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் புரட்டிப் புரட்டிக் கேட்டார், மறுபடியும் சொன்னாள். தண்ணீர் குடிக்க கிளாஸை எடுத்தபோது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து நீதிபதி நன்றி சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நான் இன்னொரு தடவை வந்து இதைச் சொல்லணுமா?"

"இல்லை, மிஸ் கில்கிறிஸ்ட். உங்கள் வேலை முடிந்தது."

அவள் முகம் அப்படியே தளர்ந்தது. நான் எவ்வளவோ படம் ஓட்டியிருக்கிறேன், எந்த நடிகையின் முகத்திலும் அதைப் பார்த்ததில்லை. கதவோரம் நின்றிருந்த செங்கா மூக்கைச் சிந்தினாள்.

நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் அவர் கையில் அது முழுதாக இல்லை. பதினைந்து பேரில் சிலர் விலகினாலும் வழக்கு நடக்கும், பன்னிரண்டு வரைக்கும். பன்னிரண்டுக்குக் கீழே போனால் எல்லாம் ரத்து. புது ஜூரி, புது விசாரணை. ரோனா மறுபடியும் வந்து முதலிலிருந்து சொல்ல வேண்டும். கிர்ஸ்டி இதை எங்களிடம் விளக்கிய நாளிலிருந்து செங்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பதினைந்து பேரையும் காத்தாள். இருந்தும் ஒரு பெண்ணின் மகனுக்குத் தொற்று வந்து, அவள் வீட்டோடு அடைந்தாள். இன்னொருவருக்கு அவருக்கே காய்ச்சல். இரண்டுமே வீட்டில் பிடித்தது, எங்கள் கூடத்தில் அல்ல. பதின்மூன்று பேர் மிஞ்சினார்கள். வக்கீல்கள் பேசி முடித்தார்கள். நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கிச் சொல்வது மட்டும் பாக்கி. அதற்குப் பிறகு அவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டும்.

அன்றைக்குத்தான் எஃபி மிட்டாயை எடுத்தாள்.

ஜூரியில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது, அதனால் நான் வைத்த பெயர்கள் இவை. எஃபி வயதானவள், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். எங்கள் தேவாலயங்களில் போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் வரிசை வரிசையாகக் கைப்பைகள் திறக்கும். வெள்ளைப் பெப்பர்மின்ட் பொட்டலம் கை மாறும். ஒன்று வாய்க்குள் போன பிறகுதான் பிரசங்கம் காதுக்குள் போகும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். எங்கள் நீதிபதிக்கோ அசல் போதகர் குரல். "ஜூரிப் பெருமக்களே" என்று அவர் நிதானமாக இழுத்ததும், எஃபியின் கை பைக்குள் போனது. அவள் யோசித்துச் செய்திருக்க மாட்டாள், சத்தியம் செய்வேன். தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். நமக்கு மட்டும் எடுத்துக்கொள்வது மரியாதை இல்லையே. எக்கி, பொட்டலத்தை நடுவில் இருந்த காலி நாற்காலியில் வைத்தாள். அடுத்து உட்கார்ந்திருந்த பிளம்பர் பையன் எட்டி ஒன்று எடுத்துக்கொண்டு, பொட்டலத்தை அடுத்த காலி நாற்காலியில் வைத்தான். அதற்கடுத்து ஒரு பாலர் பள்ளி டீச்சர். அப்புறம் வரிசைக் கோடியில் மிஸ்டர் கிங்ஹார்ன்.

நான் மேலே என் சின்னத் திரையில் அந்த முகக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டமாகக் கன்னம் உப்பியது. எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது செங்கா உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் காலி பாப்கார்ன் டப்பா, அக்குளில் கைகழுவும் மருந்து. வெளிச்சம் தரையில்தான். எஃபியிடம் கை நீளத்துக்கு டப்பாவை நீட்டினாள்.

"துப்புங்க."

எஃபி துப்பினாள். பிளம்பரும் டீச்சரும் தலையைக் குனிந்துகொண்டு துப்பினார்கள். கிங்ஹார்ன் உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். டை கட்டாமல் ஒரு நாளும் வந்ததில்லை.

கோர்ட்டில் நீதிபதி பேச்சை நிறுத்திவிட்டார். அவர் முகம் திரையில் பிரம்மாண்டமாக எங்களையே பார்த்தது.

"மூன்றாம் திரையில் என்ன நடக்கிறது?"

"பெப்பர்மின்ட், மை லார்ட்" என்றாள் செங்கா.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேர்?"

செங்கா கிங்ஹார்னைப் பார்த்தாள். "டப்பாவுல விழுந்தது மூணு, மை லார்ட்."

"நான் தொடரலாமா?"

"எல்லாரும் கையைத் தேய்ச்சுக்கட்டும், மை லார்ட். ஒரு நிமிஷம்."

நீதிபதி காத்திருந்தார். நாலு பேரும் மருந்தைத் தேய்த்தார்கள். பொட்டலம் டப்பாவோடு வெளியே போனது. சட்டம் தொடர்ந்தது. மாலையில் அவர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி, காலையில் வந்து கூடிப் பேசச் சொன்னார்.

அவர்கள் போனதும் கிர்ஸ்டி போன் செய்தாள். "ஜூரி வாயில கையை விட்டுப் பிடுங்கறதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்குன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கறார்."

"கையை விடல. டப்பாவைத்தான் நீட்டினேன்னு சொல்லு" என்றாள் செங்கா. "மிட்டாய் வேணும்னாலும் வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு."

மறுநாள் காலை நாங்கள் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே எஃபியிடமிருந்து போன். செங்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"செங்கா, அந்த மிட்டாய்க்கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்னு நெனச்சேன். மணமே இல்ல அதுல. ராத்திரி இன்னொரு பொட்டலம் பிரிச்சேன். அதுலயும் இல்ல. காலைல டீ போட்டேன், டீயிலயும் இல்ல." அவள் அழ ஆரம்பித்தாள். "என் கையை வெட்டிப் போடணும்."

"கையை விடுங்க. டெஸ்ட்டுக்குப் போங்க. வாய்க்குச் சூடா ஏதாவது குடிங்க. அழாதீங்க, மூச்சு முட்டும்."

போனை வைத்ததும் நான் விரல் விட்டு எண்ணினேன். எஃபி போனால் பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு. அவள் பொட்டலத்தில் கை வைத்த மூவரில் ஒருவரைச் சுகாதாரத் துறை பிடித்து வீட்டில் அடைத்தாலும் போச்சு. மற்ற ஜூரிக்காரர்கள் ஒவ்வொருவராகக் காரில் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் காரைவிட்டு இறங்க வேண்டாம் என்று செங்கா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மதியம் எஃபிக்குத் தொற்று உறுதி என்றார்கள். சுகாதாரத் துறை நர்ஸ் எங்களைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறாள் என்று கிர்ஸ்டி சொன்னாள்.

"கிங்ஹார்ன் தின்னுட்டார்" என்றாள் செங்கா என்னிடம். "தாடை ஆடிச்சு. நான் பாத்தேன்."

"நான் பாக்கலையே. கோர்ட்லயும் யாரும் பாக்கல போல. டப்பாவுல விழுந்தது மூணுன்னு நீ நேத்தே சொல்லிட்ட. அது பொய்யும் இல்ல. அதோட நிறுத்திக்க."

"டேவி."

"அந்தப் பொண்ணு மூஞ்சை நெனச்சுப் பாரு. மூணாவது தடவை தேதி கொடுத்து வந்தவ. மறுபடியும் கூப்பிடுவாங்க. மறுபடியும் அவன் முன்னாடி நின்னு சொல்லணும். ஒரு மிட்டாய்க்காகவா?"

"அவ மூஞ்சு எனக்கு மறக்கும்னு நெனைக்கறியா?" செங்காவின் குரல் ஏறியது. இருபது வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அன்றுதான். "இந்தப் பன்னெண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்கடா. டீச்சர் வீட்ல கைக்குழந்தை இருக்கு. பிளம்பர் அவன் தாத்தாகூட இருக்கான். அவங்களை உள்ள உக்கார வச்சு, பக்கத்துல ஒருத்தரை நோயோட உக்கார வச்சுட்டு, நான் கதவைச் சாத்திக்கிட்டு நிக்கணுமா? அப்படி வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அவளுக்கு எதுக்கு? இங்க வந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தானே இவங்களைக் கூட்டிட்டு வந்தோம்."

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல்தான். சரியாகச் சொல்கிறவர்கள்மேல் வருகிற கோபம்.

வெளியே மழை. அவள் குடை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கூரைக்கடியில் நின்றேன். கிங்ஹார்ன் தன் பழைய கரும்பச்சைக் காரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் தள்ளி நின்றாள். அவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"வழக்கைப் பத்தி நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது, மிஸ்டர் கிங்ஹார்ன். மிட்டாயைப் பத்திப் பேசலாம்."

"நான் எடுக்கலைன்னு நேத்தே சொன்னேனே."

"சொன்னீங்க. நர்ஸ் கேட்டா நீங்க தின்னதாத்தான் நான் சொல்லப் போறேன். உங்களுக்குத் தெரியாம சொல்லக்கூடாதுன்னு வந்தேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது.

"என் மனைவி தவறிப்போன பிறகு லாக்டவுன் வந்துச்சு" என்றார். "கடைக்காரன்கூட சாமானை வாசல்ல வச்சிட்டு ஓடிடுவான். அந்தப் பொட்டலம் வந்தப்போ... யாரும் எனக்கு ஒண்ணு நீட்டி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எடுத்துட்டேன். நீங்க டப்பாவோட வந்தீங்க. துப்ப மனசு வரல."

செங்கா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்களே நர்ஸ்கிட்ட சொல்றீங்களா?"

"சொல்றேன்."

நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டாள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு தள்ளி, உள்ளே வரும்போது யார் யாரைக் கடந்தார்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது. செங்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். யாரும் யாரையும் கடக்கவில்லை, ஒரு நாள்கூட. எஃபிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நீளத்துக்குள் ஜூரியில் யாரும் நிற்கவில்லை. பொட்டலத்துக்கு எக்கியது ஒரு கணம். துப்பியாகிவிட்டது, கை தேய்த்தாகிவிட்டது, அதை நீதிபதியே பார்த்தார். பிளம்பரும் டீச்சரும் பெயருக்கு ஒரு பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்றாள் நர்ஸ். கிங்ஹார்ன் விஷயத்தில் மட்டும் தயங்கினாள்.

"வாயில போட்டுச் சாப்பிட்டிருக்கார். உக்காந்த தூரம் சரியா இருக்கறதால அடைச்சு வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனா டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் அவர் உள்ள வரக்கூடாது. இருக்குன்னு வந்தா அவ்வளவுதான்."

நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். அந்த இடைவெளியில் செங்கா என்ன செய்தாள் தெரியுமா? மூன்றாம் திரையின் நாற்காலி ஒவ்வொன்றையும் சோப்பு நீரில் துடைத்தாள். உட்காராத நாற்காலிகளையும் துடைத்தாள். நான் சும்மா இருக்க முடியாமல் கூடவே வாளி தூக்கினேன். பிளம்பருக்கு இல்லை என்று வந்தது. டீச்சருக்கும் இல்லை. கிங்ஹார்னுடையது வரவில்லை. அவருடைய மாதிரி மட்டும் எங்கேயோ வரிசையில் பின்தங்கிவிட்டதாம்.

அடுத்த நாள் மதியம் அவரே கூப்பிட்டார்.

"இல்லைன்னு வந்திருக்கு, மிஸஸ் லாஃபெர்ட்டி. நான் டை கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எப்ப வரணும்?"

"இப்பவே கிளம்புங்க" என்றாள் செங்கா. போனை வைத்துவிட்டு, ஈரக் கையை என் சட்டையில் துடைத்தாள்.

பன்னிரண்டு பேரும் வந்தார்கள். தூரத்து நாற்காலிக்காரர் முதலில். நான் கேமராவையும் மைக்கையும் அணைத்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கதவுக்கு வெளியே செங்கா ஒரு காவல்காரி மாதிரி நின்றாள். ஒருமுறை உள்ளே குரல்கள் உயர்ந்தன. நான் அவளைப் பார்த்தேன். "சத்தம் போடட்டும். அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கு" என்றாள்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. முடிவு தயார். நான் எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். கோர்ட்டில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜூரி தங்களுக்குள் பேச்சாளராகத் தேர்ந்திருந்தது டீச்சரை. தெளிவாகச் சொன்னாள். குற்றவாளி, பெரும்பான்மையால்.

நீதிபதி பன்னிரண்டு பேருக்கும் நன்றி சொன்னார். நாட்டில் இப்படி ஒரு காலத்தில் இந்த வேலைக்கு வந்ததே பெரிது என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, மூன்றாம் திரையின் அம்மையாருக்கும் நன்றி என்றார். செங்கா அப்போது கடைசி வரிசையில் நின்று எதையோ தேடுவது மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர் முதலில், கிங்ஹார்ன் கடைசியில். அவர் வெளியே போகும்போது நின்று, முகக்கவசத்துக்கு மேலே கண்ணாலேயே ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு கிர்ஸ்டி இணைப்பிலேயே இருந்தாள். திரையில் காலிக் கோர்ட்டு தெரிந்தது.

"ரோனாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று செங்கா கேட்டாள்.

"சாட்சிகளைப் பாத்துக்கற அம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க."

"என்ன சொன்னா?"

"ரொம்பப் பேச முடியலையாம். தன் வேலை முடிஞ்சதேன்னு சலூனுக்குப் போயிருந்தாளாம். இந்த வாரம்தான் கடைங்க திறந்திருக்கே. தலை நிறைய சாயத்தைப் பூசிக்கிட்டு உக்காந்திருந்தாளாம்."

"இந்த ரெண்டு நாளும் என்ன நடந்துச்சுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"யாரும் சொல்லல. சொல்லணுமா?"

"வேண்டாம்" என்றாள் செங்கா. "ஒருத்தரும் சொல்லாதீங்க."

நான் இணைப்பைத் துண்டித்தேன். கீழே எட்டிப் பார்த்தேன். அத்தனை மாதத்தில் அவள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று நடு வரிசையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

"என்ன செங்கா?" என்று நான் மேலேயிருந்து கத்தினேன்.

"தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டு இருக்காளாம்டா" என்றாள்.